லுவாவின் ஆயிரத்து அறுநூறு வாத்துகள்

படகுக்காரர் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த சரக்கு காத்திருக்கிறது என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். படகின் இரண்டு தட்டுகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு ஆயிரத்து அறுநூறு வாத்துகள், வழியெல்லாம் அடைந்து கிடந்த எரிச்சலில் கத்திக்கொண்டிருந்தன. லுவா படகின் முனையில் ஏறி நின்று கரையைப் பார்த்தாள். அவர்கள் மேய்ச்சலுக்குப் பேசி வைத்திருந்த வயலில் நெல் அறுபடாமல் அப்படியே நின்றது.

போனைக் காதிலிருந்து எடுத்தபடி அவள் புருஷன் கியெம் சொன்னான்.

"அறுப்பு மிஷின் சேத்துல மாட்டிக்கிச்சாம். நாளைக்குக் காலையிலதான் அறுப்பாங்களாம்."

"நாளைக்கா? அதுவரைக்கும் இதுங்க என்ன, காத்தக் குடிச்சிட்டு இருக்குமா?"

"என்னைக் கேட்டா? மிஷினை நானா சேத்துல எறக்கினேன்?"

படகில் விட்டு வைக்கவும் முடியாது. வெயில் ஏறினால் கீழ்த்தட்டில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூச்சுமுட்டிச் செத்துவிடும். லுவாவுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரே ஒரு நாளைக்கு, கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் சேறும் உள்ள ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஊர் ஊராகப் போகும் வாத்துக்காரர்களுக்கு யார் சட்டென்று இடம் கொடுப்பார்கள்? வாத்துக் கூட்டம் வருகிறது என்றாலே படலைச் சாத்துகிற ஊர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

லுவாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவள் அப்பாவும் வாத்து மேய்த்தவர்தான். பெண்பிள்ளை கோலைத் தொட்டால் வாத்து முட்டை போடாது என்பது அவர் எண்ணம். அதனால் கோல் கடைசிவரை அண்ணன்மார் கையில்தான் இருந்தது. கோல் கிடைக்காத பெண் குரலை வளர்த்துக்கொண்டாள். கல்யாணம் ஆனது கியெமோடு. அவன் அப்போது பஸ்ஸில் கண்டக்டர். வாத்து எந்தப் பக்கம் கொத்தும் என்றுகூடத் தெரியாது. தொழில் முழுவதையும் அவள்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். இன்றைக்கும் வாத்துகளைப் பட்டியில் அடைக்கும்போது அவன் வாயில் வருவது பஸ் பேச்சுதான். "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு பாரு!"

அந்த வாத்துகளைத்தான் எங்கே இறக்குவது என்று இருவரும் விழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் படித்துறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தாள். பூப்போட்ட சட்டையும் அதே துணியில் காற்சட்டையும் போட்டிருந்தாள்.

"ஏம்மா வாத்துக்காரம்மா! உன் வாத்து நத்தை திங்குமா?"

"திங்குமாவா? சோத்த வச்சா தள்ளிவிட்டுட்டு நத்தையத் திங்கும் மாமி!"

"அப்ப எறக்கு இங்க. எங்க வயல்ல நெல்லு வெதைக்கறதா நத்தை வெதைக்கறதான்னு தெரியாம எங்க வீட்டுக்காரரு ஒரு வாரமா தூங்கல."

அந்த அம்மாளை அந்தக் கால்வாய்க்கரை முழுக்க ஆறாம் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்த வரிசையை வைத்துக் கூப்பிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்; அவள் புருஷன் ஆறாம் மாமா. மாமா வருவதற்குள்ளேயே படகுக்காரர் பலகையைப் போட்டுவிட்டார். லுவா முதலில் இறங்கி நின்று குரல் கொடுத்தாள். கூட்டம் பலகை வழியே பழுப்பு வெள்ளமாக இறங்கியது. பின்னால் பன்னிரண்டு வயது மகள் தோவா கூடைகளையும் அடுப்பையும் இறக்கினாள்.

ஆறாம் மாமா வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் நத்தை மருந்துப் பொட்டலம். முற்றம் முழுக்க வாத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு எறக்கின?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

"யாரைக் கேக்கணும்? ராத்திரி பூரா நத்தை நத்தைன்னு பொலம்பினது யாரு? மருந்து அடிச்சா குளத்து மீனும் சாகும்னு சொன்னது யாரு? இப்ப நத்தை திங்கிறது தானா படியேறி வந்திருக்கு. வேணாம்பீங்களா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு கூட்டம் வந்துச்சு. போறப்ப நம்ம வாத்து முப்பது கூடவே போச்சு. மறந்துட்டியா?"

"அது நாங்க இல்ல மாமா," என்றாள் லுவா.

"தெரியும்மா. வர்றவங்க எல்லாரும் அதான் சொல்றாங்க."

லுவா இடுப்பிலிருந்த பையை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்த சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். வாத்துகளுக்கு ஊசி போட்ட தேதிகளும் கால்நடை ஆபீஸ் முத்திரையும் அதில் இருந்தன. அவர் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"ஊசி போட்டிருக்க. சரி. எங்க வாத்து இருநூத்திப் பன்னெண்டு தோட்டத்து வாய்க்கால்ல கெடக்கு. நடு வரப்புல உன் வலையக் கட்டு. அந்தப் பக்கம் அதுங்க, இந்தப் பக்கம் இதுங்க. ஒண்ணு தாண்டினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

"தாண்டாது மாமா. ஆனா ஒண்ணு. சின்ன நத்தை, நடு நத்தை எல்லாம் இதுங்க தின்னுடும். எலுமிச்சம்பழம் பெரிசு இருக்கறது தொண்டையில எறங்காது. அத நீங்கதான் பொறுக்கணும்."

மாமா அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

கியெமும் தோவாவும் நடு வரப்பில் குச்சி ஊன்றி நைலான் வலையைக் கட்டினார்கள். லுவா கூட்டத்தை வயலில் விட்டாள். போன அறுப்பின் நெல்தாள் மடங்கிக் கிடந்த சேற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். தாள்களிலெல்லாம் இளஞ்சிவப்பு நிறத்தில் நத்தை முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வாத்துகள் முதலில் தண்ணீரைக் கண்ட சந்தோஷத்தில் சிறகடித்து முங்கின. பிறகு ஒன்று எதையோ கொத்தி விழுங்கியது. பக்கத்தில் இருந்தது பார்த்தது. அப்புறம் அந்த வயலில் சத்தமே இல்லை. ஆயிரத்து அறுநூறு அலகுகள் சேற்றைச் சலிக்கிற களக் களக் ஓசை மட்டும்தான். லுவா அவற்றை வரிசை கட்டி, வயலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, பாய் சுருட்டுவதுபோலக் கொண்டுபோனாள். திரும்பக் கொண்டுவந்தாள்.

அக்கம்பக்கத்து ஆட்கள் வரப்பில் வந்து நின்றார்கள். அவர்களில் லூக் என்று ஒருவன் இருந்தான். நாற்பது வயது, கையில் ஐஸ் காப்பி டம்ளர். கால்வாய்க்கரையில் எது நடந்தாலும் கருத்துச் சொல்லாமல் அவனுக்குக் காப்பி இறங்காது.

"ஆறாம் அண்ணே, சாயங்காலம் உங்க வாத்த எண்ணிப் பாத்துக்குங்க. இவங்க வாத்துக்குக் கணக்கே தனி. வரும்போது ஆயிரம், போகும்போது ஆயிரத்து நூறு!"

சிலர் சிரித்தார்கள். லுவா திரும்பிப் பார்க்கவில்லை. தோவாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, அந்த ஆளு..."

"காதுல விழுந்துச்சு. நீ வலையப் பாரு."

பதினொன்றரை மணிக்கு ஆறாம் மாமா காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வயலில் இறங்கினார். மடையில் தண்ணீர் பார்க்க வந்ததாகச் சொன்னார். ஆனால் கையைச் சேற்றில் விட்டுவிட்டுத் துழாவிக்கொண்டேயிருந்தார். பத்து இடத்தில் துழாவிப் பெரிய நத்தை மூன்றுதான் கிடைத்தது. அவற்றை வரப்பில் எறிந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், மருந்துப் பொட்டலத்தை மறுபடி அலமாரி மேலே வைத்தார். அதைப் பார்த்த மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்ன, மருந்து வேணாமா?"

"சோத்தப் போடு. வாத்துக்காரங்களையும் கூப்பிடு."

சாப்பாடு நடுவறையில் பாய் விரித்து. மண்சட்டியில் மிளகு போட்டு வற்றவைத்த பொடி மீன், மஞ்சள் பூ மிதக்கிற புளிக்குழம்பு, ஒரு பெரிய குண்டான் சோறு. தோவாவுக்குத் தலைகுளிப்பாட்டி, தன் பேத்தியின் பழைய சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள் மாமி. ஜாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் வெகுநாள் கழித்துக் குளித்ததால் அந்தப் பெண் கன்னமெல்லாம் பளபளவென்று உட்கார்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம்?" என்று மாமி கேட்டாள்.

"ஆறு மாசம் எங்க அத்தை வீட்டுல இருந்து போவேன். இப்ப எங்க ஊர்ல வெள்ள லீவு," என்றாள் தோவா.

"வாத்து மேய்க்கப் பிடிக்குதா?"

"முட்டை பொறுக்கப் பிடிக்கும். அப்பா பாட்டுப் பாடறதுதான் பிடிக்காது."

கியெம் மீனைப் பிய்த்தபடி, "வாத்துக்குப் பிடிக்குதே!" என்றான். ஆறாம் மாமா முதல் தடவையாகச் சிரித்தார்.

"எத்தனை வருஷமாம்மா இந்தத் தொழிலு?" என்று அவர் லுவாவைக் கேட்டார்.

"பொறந்ததுல இருந்து மாமா. நடுவுல ரெண்டு வருஷம் இல்ல."

"ஏன்?"

லுவா குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். பறவைக் காய்ச்சல் வந்த வருஷம். அவர்கள் வாத்தில் ஒன்றுக்குக்கூடக் காய்ச்சல் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்தார்கள். குழி வெட்டியிருந்தார்கள். எத்தனை என்று மட்டும் கேட்டார்கள். இரண்டாயிரம் என்றான் கியெம். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

"நான் ஒரு வார்த்தை பேசல மாமி. வாயே வரல. அதுங்க என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, நான் எதாவது சொல்வேன்னு."

மாமி தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். சாப்பாட்டை நிறுத்திய குற்ற உணர்ச்சியில் லுவா மீதியை வேகமாகச் சொன்னாள். கியெம் மறுபடி பஸ்ஸுக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுத் தொண்ணூறு குஞ்சு வாங்கினார்கள். வாடகை அறையில் அவள் படுக்கிற பாயைச் சுற்றித்தான் அவை வளர்ந்தன. அவன் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது, அவற்றோடுதான் பேசுவாள். அன்றிலிருந்து எந்தக் குஞ்சு வந்தாலும் முதல் இருபது நாள் அவள் கொட்டகையிலேயே படுப்பாள். இப்போதிருக்கும் ஆயிரத்து அறுநூறும் அப்படி வளர்ந்தவைதான்.

"புருஷன் பக்கத்துல படுக்கறத விட வாத்து பக்கத்துல படுத்ததுதான் அதிகம்," என்றான் கியெம். மாமி அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு வானம் திடீரென்று கறுத்தது. காற்று தென்னை மட்டைகளை ஒரு பக்கமாக வாரியது. லுவா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினாள். அவள் வரப்பை எட்டும் முன்பே இடி இறங்கியது. பக்கத்து வயலிலோ எங்கேயோ, காதுக்குள் தகரத்தைக் கிழித்தது போன்ற இடி. ஆயிரத்து அறுநூறும் ஒரே உடம்பாக எழும்பி நடு வரப்பில் போய் மோதின. குச்சிகள் சாய்ந்தன. வலை படுத்துவிட்டது. அந்தப் பக்கம் வாய்க்காலில் இருந்த மாமாவின் வாத்துகளும் பயந்து கரையேறி வந்தன. மழை அடித்துக்கொட்டியது. கால் மணி நேரத்தில் மழை நின்றபோது, இரண்டு கூட்டமும் ஒரே கூட்டமாக வயல் நடுவில் நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டிருந்தன.

இரண்டும் ஒரே சாதி. ஒரே பழுப்பு. ஒரே உயரம். லுவா தன் வாத்துக்குச் சாயம் பூசியதில்லை, விரலிடைச் சவ்வில் வெட்டியதில்லை. மாமாவின் வாத்துகளோ தோட்டத்தை விட்டு வெளியே போனதே இல்லை, அவற்றுக்கு அடையாளம் எதற்கு?

ஆறாம் மாமா ஓடி வந்தார். நனைந்த முகத்தில் கோபம் கொதித்தது.

"சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா? ஒண்ணுகூடத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேனா?"

"மாமா, இடி..."

"இடி எனக்கு மட்டுமா விழுந்துச்சு? அந்த முப்பது போனப்பவும் மழைதான் பேஞ்சுச்சு!"

லூக் எங்கிருந்துதான் வந்தானோ, அதே காப்பி டம்ளரோடு நின்றான்.

"விடுங்கண்ணே. இப்ப எது யாருதுன்னு கடவுளுக்கே தெரியாது. கண்ணை மூடிட்டு இருநூத்திப் பன்னெண்ட ஓட்டி விடுங்க, மிச்சம் அவங்களுது."

"அதான் சரி," என்றார் ஒரு கிழவர். "இருநூத்தி இருபதாவே எடுத்துக்க. இடம் கொடுத்ததுக்கு வாடகை."

கியெம் லுவாவின் காதருகே வந்தான்.

"ஒத்துக்கலாம் லுவா. கூட எட்டோ பத்தோ போனாப் போகட்டும். சண்டை போட்டா இந்தக் கால்வாயில இனி காலே வைக்க முடியாது."

லுவா அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை, எத்தனை என்றுதான் குழி வெட்டிய அன்றைக்கும் கேட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் எண்ணிக்கையைச் சொல்லிப் பிரித்துக்கொண்டு போனால், அடுத்த ஊரில் ஒருவன் காப்பி டம்ளரோடு நின்று, வாத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்வான். தன் பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"ஒத்துக்க மாட்டேன்," என்றாள். சத்தமாகவே சொன்னாள். "ஒரு வாத்துகூட மாத்தி எடுக்க வேணாம். எது யாரு வாத்துன்னு நமக்குத்தான் தெரியாது. அதுங்களுக்குத் தெரியும். நான் கூப்பிடறேன்."

லூக் வாய்விட்டுச் சிரித்தான். "கூப்பிட்டா? பேரைச் சொல்லியா?"

"சும்மா கூப்பிடறேன்."

"கோலைக் காட்டி ஓட்டினா எந்த வாத்தும் போகும். நெல்லை எறைச்சா நான்கூட வருவேன்."

லுவா கோலைக் கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தாள். சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினாள். ஈர உமி ஒன்றிரண்டு விழுந்தது. பிறகு வயலின் கிழக்குக் கோடிக்கு, கால்வாய்க் கரைமேட்டுக்கு நடந்தாள். இருநூறு அடி தூரம் இருக்கும். சேற்றில் கால் புதையப் புதைய நடந்தாள். இதுவரை அவள் கூப்பிட்டபோது நடுவில் வேறு வாத்து இருந்ததில்லை.

கரைமேட்டில் ஏறித் திரும்பினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"லீ... லீ... லீத் லீத் லீத்..."

அது குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரியான குரல், ஆனால் தூரம் போகிற குரல். முதலில் ஒன்றும் அசையவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தலை உயர்ந்தது. பிறகு இருபது தலை. பிறகு ஒரு பக்கம் முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது. அவை நகர ஆரம்பித்தன. ஆனால் அடுத்த நொடிதான் லுவா கவனித்தாள். மொத்தக் கூட்டமும் அல்லவா நகர்கிறது! முன்னால் போகிறவற்றைப் பார்த்து மாமாவின் வாத்துகளும் பின்னாலேயே வருகின்றன.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று குதித்தான் லூக். "இருநூறும் பஸ் ஏறிருச்சு!"

லுவா சட்டென்று கூப்பிடுவதை நிறுத்தினாள். கூட்டமும் நின்றது. அவள் அங்கிருந்தே கத்தினாள்.

"மாமி! உங்க வாத்த தெனமும் அடைக்கறது யாரு?"

"நான்தான்!" மேற்கே தோட்டத்து ஓரத்தில் மாமி நின்றாள்.

"எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க! நான் இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம். ஒண்ணாக் கூப்பிடுவோம்!"

மாமி தயங்கினாள். ஊர் ஆண்கள் எல்லாரும் நின்றார்கள். சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "வா... வா..." என்று கோயிலில் பேசுவது போல இரண்டு தடவை சொன்னாள். ஒரு வாத்தும் திரும்பவில்லை.

"மாமி, தெனமும் இப்படியா கூப்பிடுவீங்க?"

"இல்லம்மா... தெனமும்... திட்டுவேன்."

"அப்ப திட்டுங்க!"

ஆறாம் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். மாமி கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, ஆரம்பித்தாள்.

"அடியே நாசமாப் போறவளுங்களா! பொழுது சாய்ஞ்சது கண்ணு தெரியலையா? வீடு வாசல் இல்லையா உங்களுக்கு? ஊர் மேயப் போன மூதேவிங்களா, வரீங்களா, இல்ல எல்லாத்தையும் குழம்புல போடட்டுமா!"

வரப்பில் நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தின் உள்ளே, இங்கொன்றும் அங்கொன்றுமாக, தலைகள் மேற்கே திரும்பின. லுவாவும் அதே நேரத்தில் குரல் எடுத்தாள். லீ... லீ... லீத் லீத். மறுபக்கம் மாமி, இனி யார் பார்த்தால் என்ன என்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள்.

சிரிப்பு மெல்ல நின்றது. பழுப்புக் கூட்டம் நடுவில் கலங்கியது. கிழக்கே போகிறவை மேற்கே போகிறவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு வழி கண்டுபிடித்தன. பிறகு, ஈரத் துணியை இரண்டு பேர் பிடித்துக் கிழித்தது போல, கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பெரிய பாதி லுவாவை நோக்கிச் சிறகை விரித்து ஓடி வந்தது. சின்னப் பாதி அசைந்து அசைந்து, ஏதோ தப்புச் செய்துவிட்டு வருகிற மாதிரி, மாமியின் காலடிக்குப் போனது. நடுவில் சேறு மட்டும் தெரிந்தது. ஐந்தாறு வாத்துகள் அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்தன. அப்புறம் அவையும் ஆளுக்கொரு பக்கம் ஓடின.

லுவாவின் முழங்கால்வரை வாத்து. அவள் குனிந்து, கைக்கு எட்டியவற்றின் முதுகையெல்லாம் தடவினாள். அழுகிறாளோ சிரிக்கிறாளோ, தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தோவா மட்டும் வரப்பில் குதித்துக் குதித்துக் கத்தினாள். "எங்கம்மா! எங்கம்மா!"

ஆறாம் மாமா தன் வாத்துகளை வாய்க்கால் படலுக்குள் ஒவ்வொன்றாக விட்டு எண்ணினார். லூக் பக்கத்தில் நின்று கூடவே எண்ணினான். கடைசி வாத்து உள்ளே போனதும் மாமா நிமிர்ந்தார்.

"எவ்வளவுண்ணே? கொறையுதா?"

மாமா படலுக்குள் கையை விட்டார். எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க, இரண்டு மட்டும் மூலையில் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்துக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டார். வரப்பில் இறங்கி, அத்தனை பேர் பார்க்க, வயலின் முழு நீளமும் சேற்றில் நடந்து லுவாவிடம் வந்தார்.

"இருநூத்திப் பதினாலு வந்துச்சும்மா," என்றார். "ரெண்டு உன்னோடது. என் பெண்டாட்டி வாய்க்குப் பயந்து வந்திருக்கும்."

கீழே விட்டார். இரண்டும் தலைதெறிக்க ஓடிக் கூட்டத்துக்குள் மறைந்தன.

அவர் அங்கேயே நின்றார். சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"காலையில நான் பேசினது..."

"விடுங்க மாமா."

"விட மாட்டேன். தப்பாப் பேசிட்டேன். அந்த லூக் பயலும் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன்."

லூக் கேட்டான். கோலை லுவாவிடம் திருப்பிக் கொடுக்க வந்தவன், "காப்பி குடிக்கிறீங்களாக்கா?" என்றான். டம்ளரில் ஐஸ் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்து அவனே அசடு வழிந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறாம் மாமா வீட்டு முற்றத்தில் பாய் விரித்தார்கள். வயலில் பொறுக்கிய பெரிய நத்தைகளை மாமி எலுமிச்சைப்புல் போட்டு அவித்துக் கொண்டுவந்து கொட்டினாள். அக்கம்பக்கத்திலிருந்து பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அரிசிச் சாராயம் வந்தது. ஒரே கிண்ணம்தான், அதுதான் சுற்றி வரும். முதல் கிண்ணம் விருந்தாளியாக வந்த ஆண்பிள்ளைக்குத்தான் போகும் என்று கியெம் கையை நீட்டித் தயாராக இருந்தான். மாமா அவன் கையைத் தாண்டிக் கிண்ணத்தை லுவாவிடம் நீட்டினார்.

"மொதக் கிண்ணம் குரலுக்கு."

லுவா வாங்கிக்கொண்டாள். பாதியைக் குடித்துவிட்டு எழுந்து, அடுப்படி வாசலில் நின்ற மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மிச்சம் உங்களுக்கு மாமி. உங்க திட்டு இல்லேன்னா நான் திருடியாப் போயிருப்பேன்."

மாமி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். அன்று ராத்திரி முழுக்க ஊரார் அவளை விடவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த மூதேவியை மட்டும் மறுபடி சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டேயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அறுப்பு மிஷின் வந்தது. லுவாவின் குடும்பம் பேசி வைத்திருந்த வயலுக்குப் போனது. ஒரு வாரத்தில் அங்கிருந்து அடுத்த கால்வாய்க்கு. ஆனால் அந்த ஒரு நாளின் கதை அவர்களுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. ஆறாம் மாமாவின் வயலில் அந்தப் போகம் நாற்றை நத்தை தொடவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், அவர் எல்லாருக்கும் லுவாவின் போன் நம்பரைக் கொடுத்தார். இடத்துக்காக அவர்கள் கெஞ்சிய காலம் போய், எங்கள் வயலுக்கு எப்போது வருவீர்கள் என்று விதைப்புக்கு முன்னால் ஊர்க்காரர்கள் கேட்கிற காலம் வந்தது. நிலையான வழி ஒன்று அமைந்தது. எந்த மாதம் எந்தக் கால்வாய் என்று முன்கூட்டியே தெரிந்ததால் தோவாவை வருஷம் முழுக்க ஒரே பள்ளிக்கூடத்தில் விட முடிந்தது. அவள் இப்போது பக்கத்து டவுனில் கால்நடை வைத்தியம் படிக்கிறாள்.

வாத்துகள் கலந்த அந்த நாளுக்கு அடுத்த வருஷமே, தண்ணீர் வடிகிற மாதத்தில் அவர்களின் படகு மறுபடி அந்தக் கால்வாய்க்குள் நுழைந்தபோது, ஐந்து படித்துறைகளில் ஆட்கள் நின்று கையாட்டினார்கள்.

"இங்க மொதல்ல!"

"எங்க வயலுக்கு! நான் போன மாசமே சொல்லி வச்சேன்!"

கியெம் படகு முனையில் நின்று பழைய கண்டக்டர் குரலில் பதில் சொன்னான். "வரிசை, வரிசை! எல்லாருக்கும் எடம் உண்டு!" லுவா பலகையைத் தானே தூக்கிக் கரையில் போட்டாள். அவள் இறங்கித் திரும்பி நின்று வாய் திறப்பதற்குள்ளேயே, முதல் வாத்து பலகையில் கால் வைத்துவிட்டது.